பேர் வராது, மாஸ்டர்

ஒருவருடைய அசைவை எல்லாம் பதிந்து வைத்துக்கொண்டு, அவருடைய பெயரை மட்டும் அழித்துவிடுகிறோம். இது அவருக்குச் செய்யும் பாதுகாப்பா, அவமரியாதையா? இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். எஞ்சினியரிங் படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். என் ஃபைனல் இயர் புராஜெக்ட் இந்த வருஷம் இந்தக் கேள்வியில் வந்துதான் நிற்கிறது.

மோஷன் கேப்சர் என்ற சொல் நமக்குப் புதுசு இல்லை. 2014-ல் வந்த ‘கோச்சடையான்’ படத்தின்போதே எல்லார் வாயிலும் அடிபட்ட சொல்தான். நடிகர் கறுப்பு உடையில் உடம்பெல்லாம் குட்டிக் குட்டிக் குண்டுகளை ஒட்டிக்கொண்டு நடிப்பார். அந்தக் குண்டுக்கு மார்க்கர் என்று பெயர். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருதோ அதே பக்கம் திருப்பி அனுப்பும் பூச்சு அதன்மேல் இருக்கும். ராத்திரி ஹைவேயில் போகும்போது சாலைப் பலகை நம் கார் விளக்குக்குப் பளிச்சென்று மின்னுமே, அதே வித்தைதான். கேமராவின் லென்ஸைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் வளையமாக எரியும். அந்தக் கேமராவுக்கு முகம் தெரியாது, தோல் நிறம் தெரியாது, புள்ளி மட்டும்தான் தெரியும். ஒரே புள்ளியை இரண்டு கேமராவாவது பார்த்துவிட்டால், அது அறையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். இப்படி விநாடிக்கு 100, 200 தடவை.

சினிமாவைவிட பல்கலைக்கழகங்களில்தான் இதற்கு வேலை அதிகம். பக்கவாதம் வந்தவர் எப்படி நடக்கிறார், பேட்மிண்டன் ஆடுபவரின் தோள் எங்கே அடி வாங்குகிறது, தொழிற்சாலையில் பெட்டி தூக்குபவரின் முதுகு எந்தக் கோணத்தில் வளைகிறது என்று எல்லாம் அளக்கிறார்கள். எங்களுக்கும் மனித உடலின் இயக்கவியல் பாடத்தில் முட்டி மடங்கும் கோணத்தை இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் மண்டையில் ஏறாதது, என் சொந்தக் கால் திரையில் எலும்புக்கூடாக நடந்தபோது ஒரே நிமிடத்தில் ஏறிவிட்டது.

இந்தத் துறையில் ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை இது. மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1884-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனிதர்களும் விலங்குகளும் அசைவதை வரிசை வரிசையாகப் படம் எடுக்கத் தொடங்கினார். 1887-ல் அவை 781 தட்டுகளாக வெளிவந்தன. அதில் நடந்தவர்கள், ஓடியவர்கள், பாரம் தூக்கியவர்கள் எல்லாரும் எண்களாகத்தான் பட்டியலில் இருக்கிறார்கள். மைப்ரிட்ஜ் பெயர் மட்டும் இன்றும் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது.

அதே பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நம் காலத்தில் ஒரு பெரிய காரியம் செய்தது. 12 கேமரா, கறுப்பு உடை, 41 மார்க்கர் வைத்து மனித அசைவுகளைப் பதிந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்தது. 2605 பதிவுகள். நடை, ஓட்டம், குதி, பந்து எறி, நடனம் என்று என்னென்னவோ. உலகம் முழுக்க என்னைப் போல காசில்லாத மாணவர்கள் இதை வைத்துத்தான் தொழில் கற்றுக்கொண்டார்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

அந்தப் பட்டியலில் 94-ஆம் எண்ணுக்கு நேரே ‘இந்திய நடனம்’ என்று இருக்கிறது. ஆடியவர் யார், யாரிடம் கற்றார் என்பது இல்லை. இரண்டாம் ஆண்டில் அந்தக் கோப்பைத் திறந்தபோது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. எலும்புக்கூடு ஆடியது, நான் கோணம் கணக்குப் போட்டேன். கவனித்தது பின்னால்தான். இந்த டேட்டாவைப் பயன்படுத்தி எதையாவது வெளியிட்டால், எந்தத் தளத்திலிருந்து எடுத்தது என்பதையும் நிதி கொடுத்த அமெரிக்க அறிவியல் நிறுவனத்தின் மானிய எண்ணையும் குறிப்பிடும்படி அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். நியாயமான வேண்டுகோள்தான். பணம் கொடுத்தவருக்கு நன்றி சொல்ல ஒரு வரி இருக்கிறது. ஆடியவருக்கு அப்படி ஒரு வரி இல்லை.

2019-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தார் இதையும் இதுபோன்ற வேறு பல சேமிப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து, 300 பேருக்கு மேற்பட்டவர்களின் 40 மணி நேர அசைவுகளாக ‘அமாஸ்’ என்ற பெரிய தொகுப்பை உண்டாக்கினார்கள். வாக்கியத்தை எழுதினால் அதன்படி உருவத்தை நடக்கவும் ஆடவும் வைக்கும் செயற்கை அறிவுக் கருவிகள் பல, இந்த மாதிரித் தொகுப்புகளில் பழகியவைதான். ஒருத்தர் ஒரு மதியம் லேப்புக்கு வந்து ஆடிவிட்டுப் போனது எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. போன தூரம் அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

எங்கள் குழுவின் புராஜெக்ட் சிலம்பம். கம்பைச் சுற்றும்போது தோளும் இடுப்பும் எப்படி ஒத்துப் போகின்றன என்று அளப்பது. ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் உள்ள திடலில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு மாஸ்டரிடம் கேட்டோம். வயது அறுபதுக்கு மேல். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ‘வர்றேன் தம்பி, பசியாறிட்டு வந்திடுறேன்’ என்று சொன்னவர், பசியாறாமலேயே காலை ஏழரைக்கு லேப் வாசலில் நின்றார். கையில் சொந்தக் கம்பு.

அவர் கையில் வெள்ளிக் காப்பு ஒன்று உண்டு. அது மின்னினால் கேமரா அதையும் மார்க்கர் என்று நினைத்துக்கொள்ளும். கழற்றச் சொல்லலாமா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவரே கறுப்பு டேப்பை வாங்கி மேலே சுற்றிக்கொண்டார். கம்பில் மூன்று இடத்தில் மார்க்கர் ஒட்டினோம். முதல் வீச்சிலேயே ஒன்று பறந்து போய்ச் சுவரில் அடித்தது. லேப்பே சிரித்தது.

ஆரம்பிப்பதற்கு முன் சம்மதக் கடிதம். ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டும்தான் இருந்தது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். எந்த நேரத்திலும் விலகலாம், வலித்தால் நிறுத்தலாம், டேட்டா பூட்டி வைக்கப்படும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பெயர் நீக்கம் பற்றிய வரி வந்தது. ‘உங்க பேர் எங்கேயும் வராது, மாஸ்டர். உங்களுக்கு ஒரு நம்பர் போட்டுடுவோம்’ என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ‘பேர் வராதா? ஏன், நான் என்ன தப்பு பண்ணேன்?’

நெறிமுறை பற்றிய எங்கள் வகுப்புகள் எதிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. அவரைப் பொறுத்தவரை பெயரை மறைக்க வேண்டியவன் தப்பு செய்தவன். எங்களைப் பொறுத்தவரை பெயரை மறைப்பது நாங்கள் அவருக்குச் செய்யும் நன்மை. இரண்டு பக்கமும் நல்ல எண்ணம்தான். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிள்ளைகள் படிப்புக்கு ஆகட்டும் என்ற நினைப்பு என்று நினைக்கிறேன்.

எண் போடும் வழக்கத்துக்கு வலுவான நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். மூளை வாத பாதிப்புள்ள ஒரு பிள்ளையின் நடையை அறுவை சிகிச்சைக்கு முன்பு அளக்கிறார்கள். அந்தப் பிள்ளை பெரியவனாகி வேலைக்குப் போகும்போது, எட்டு வயதில் எப்படி நடந்தான் என்று யாரும் பெயரைப் போட்டுத் தேடி எடுக்கக் கூடாது. அங்கே எண்தான் சரி. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சிக்கல் என்னவென்றால், எண் போட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நாம் நம்புவது. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தின் யோஹான்சன் என்ற உளவியலாளர் 1973-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆட்களின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி இருட்டில் படம் எடுத்தார். அசையாமல் நின்றபோது பார்த்தவர்களுக்கு வெறும் புள்ளிக் கூட்டம். நடக்க ஆரம்பித்ததும், அட, மனுஷன் என்று உடனே சொல்லிவிட்டார்கள். நாலு வருஷம் கழித்து, 1977-ல், கட்டிங், கோஸ்லோவ்ஸ்கி என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். புள்ளிகளை மட்டும் காட்டி, இது உங்கள் நண்பர்களில் யார் என்று மாணவர்களைக் கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். தூரத்தில் வரும்போதே ‘அது எங்க மாமா நடை’ என்று நம் பாட்டி சொல்வதற்கு ஆய்வகச் சான்று அது.

2023-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் தலைமையில் வந்த ஆய்வு இதைவிட அதிர்ச்சி. கண்ணில் மாட்டிக்கொண்டு ஆடும் ஒரு மெய்நிகர் விளையாட்டின் 50,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் தலை, இரண்டு கைகள், இந்த மூன்றின் அசைவுகளை மட்டும் எடுத்தார்கள். 100 விநாடி அசைவைக் கொடுத்தால் இன்னார் என்று கணினி 94 விழுக்காட்டுக்கும் மேல் சரியாகச் சொன்னது. (94 என்ற எண் என்னை விடாது போலிருக்கிறது.) மூன்று புள்ளிக்கே இப்படி என்றால், 41 மார்க்கரோடு ஆடியவரின் கதி என்ன?

ஆக, பெயரை எடுத்தால் ஆள் காணாமல் போவதில்லை. கண்டுபிடிக்க நினைப்பவன் கண்டுபிடித்துவிடுவான். நன்றி சொல்ல நினைப்பவனுக்குத்தான் வழி அடைபட்டுப் போகிறது. கேட்கவே தலைகீழாக இல்லையா?

இதை ஹாஸ்டலில் பேசியபோது நண்பன் ஒருவன் குறுக்கே பாய்ந்தான். ‘டேய், கம்பு சுத்துறது என்ன ஒருத்தன் சொத்தா? நாளைக்கு நடக்கிறதுக்கும் பேர் கேப்பீங்களா?’

நல்ல கேள்வி. சட்டமும் அவன் பக்கம்தான் சாய்கிறது. 26 ஆசனங்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் செய்யும் முறைக்கு பிக்ரம் சௌத்ரி உரிமை கோரியபோது, அந்த வரிசைக்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பு சொன்னது. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. யோகாசனத்துக்கு ஒருத்தர் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்? மாஸ்டரிடமே இதைக் கேட்டேன். ‘சொத்தா? எங்க வாத்தியார் எனக்குச் சும்மாதான் கொடுத்தாரு. நான் பிள்ளைங்களுக்குச் சும்மாதான் கொடுக்கிறேன்’ என்றார். சொத்து என்ற சொல்லே அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

அப்படியானால் அவர் பெயரில் என்ன இருக்கிறது? இதற்கு விடை எங்களுக்கு வேறொரு நாளில்தான் கிடைத்தது.

பதிந்த டேட்டா அப்படியே பயன்படாது. கை உடம்பை மறைக்கும்போது மார்க்கர் காணாமல் போகும். இடைவெளியை நாம்தான் நிரப்ப வேண்டும். முன்னால் எங்கே இருந்தது, பின்னால் எங்கே வந்தது என்று பார்த்து, நடுவில் ஒரு வளைகோட்டைக் கணினி போட்டுக் கொடுக்கும். அந்தக் கால் விநாடியில் மாஸ்டர் செய்ததாகத் திரையில் தெரிவது உண்மையில் கணினி செய்தது. அதற்குப் பிறகு வடிகட்டல். ஒரு அளவுக்கு மேல் வேகமாக நடுங்குவதை எல்லாம் இரைச்சல் என்று தள்ளிவிட வேண்டும். எது இரைச்சல், எது கலை என்று தீர்மானிக்கிற அதிகாரம் ராத்திரி இரண்டு மணிக்கு லேப்பில் தூங்கி வழிகிற 22 வயதுப் பையன் கையில் இருக்கிறது. இதைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

எல்லாம் முடிந்து எலும்புக்கூட்டை மாஸ்டருக்குப் போட்டுக் காட்டினோம். தே தாரேக்கை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். தன்னைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஓர் இடத்தில் ‘நிறுத்து, நிறுத்து’ என்றார். இடது காலைப் பின்னால் எடுத்து வைத்துத் திரும்பும் ஒரு சுவடு. ஒவ்வொரு தடவையும் அதில் இடுப்பு லேசாக வலப்பக்கம் சரியும். எங்கள் கணக்கில் அது மிக அழகான முடிவு. பதினைந்து தடவையும் ஒரே மாதிரி வந்திருந்தது. இதுதான் இந்தப் பாணியின் தனித்தன்மை என்று அறிக்கையின் முன்வரைவில் ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தோம்.

‘இது சுவடு இல்ல தம்பி. இது என் முட்டி. லாரியிலேர்ந்து விழுந்ததுல போனது. இதைப் பிள்ளைங்களுக்குக் காட்டிடாதீங்க.’

அறையில் யாரும் பேசவில்லை. பதினைந்து தடவையும் ஒரே மாதிரி வருகிற ஒரு அசைவு பாடமா, பழைய காயமா என்று எந்தக் கேமராவாலும் சொல்ல முடியாது. எத்தனை மணி நேரம் டேட்டா சேர்த்தாலும் தெரியாது. ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவருடைய மாணவர்கள் திடலில் அவர் எதிரே நிற்கும்போது, அவர் இடது காலை வைத்துத் திரும்பிய கையோடு ‘நீ இப்படி வைக்காதே, நேரா வை’ என்று சொல்லிவிடுவார். அவர் உடம்பு காட்டுவது ஒன்று, அவர் வாய் திருத்துவது ஒன்று. இரண்டும் சேர்ந்துதான் பாடம். நாங்கள் உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வாயை விட்டுவிட்டோம்.

இந்த டேட்டாவை ஓர் எண் போட்டு உலகத்துக்குத் திறந்து விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். எங்கேயோ ஒரு கருவி அதில் பழகி, சிலம்பம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் இடுப்பைச் சரித்துக் காட்டும். ஒரு லாரி ஓட்டுநரின் முட்டி வலி நம் மரபாகிவிடும். சந்தேகப்பட்டுக் கேட்கவும் ஆள் இருக்காது, ஏனென்றால் எண்ணிடம் போய் யாரும் எதையும் கேட்க முடியாது. பெயர் என்பது புகழுக்காக மட்டும் போடுவது என்று நான் நினைத்திருந்தேன். அது ஒரு முகவரியும்கூட. சந்தேகம் வந்தால் போய்க் கதவைத் தட்டுவதற்கு.

94-ஆம் எண்ணிலும் அப்படி ஏதாவது முட்டி இருக்கிறதா? ஒரு வழுக்கல், ஒரு மறதி, அன்றைக்குக் காலில் இருந்த ஒரு கொப்புளம்? கேட்க வழி தெரியவில்லை.

நமக்கெல்லாம் ஏகலைவன் கதை தெரியும். பிம்பத்தை வைத்துப் பாடம் படித்தவர்களில் அவனைப் போல இன்னொருவன் இல்லை. களிமண்ணில் துரோணர் உருவம் செய்து, அதன் முன் தானாகவே பழகினான். கதை என்றதும் எல்லாரும் கட்டை விரலுக்குப் போய்விடுவோம், கோபப்படுவோம். கோபம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் அதற்குக் கொஞ்சம் முந்தி நடப்பதை இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். காட்டில் பாண்டவர்கள் அவனைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறார்கள். துரோணரின் மாணவன் என்று சொல்கிறான். தன்னைச் சேர்த்துக்கொள்ளாத ஒருவருடைய பெயரை, சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லாதபோது சொல்கிறான். இன்றைக்கு டேட்டாவில் பழகிய கருவியைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதன்மேல் குற்றம் இல்லை, அதற்கு யாரும் பெயரைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேற்பார்வையாளரிடம் இதையெல்லாம் கொண்டு போனோம். டேட்டாவைத் திறந்து விட்டால் மற்ற மாணவர்களுக்கு உதவும் என்பது அவருடைய விருப்பம். எனக்கும் அதில் மறுப்பு இல்லை, நானே திறந்த டேட்டாவில் வளர்ந்தவன். ஆனால் பெயர் வேண்டுமா, எண் வேண்டுமா என்று சம்மதம் கொடுப்பவரே தேர்ந்தெடுக்க இரண்டு கட்டம் வேண்டும் என்று கேட்டோம். நடையால் ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை, எண்ணைத் தேர்ந்தெடுப்பவருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றோம். தமிழில் ஒரு கடிதம். கூடவே, ஒவ்வொரு சுவட்டையும் மாஸ்டர் உட்கார்ந்து விளக்கும் ஒலிப்பதிவு அதே கோப்புறையில் இருக்க வேண்டும், அதைப் பிரித்து அனுப்பக் கூடாது. மேற்பார்வையாளர் நிறைய கேள்வி கேட்டார், சில இடத்தில் எங்களை மடக்கவும் செய்தார். கடைசியில் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் எழுதச் சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் தீரவில்லை. எந்த நேரத்திலும் விலகலாம் என்று கடிதம் சொல்கிறது. உலகத்துக்குத் திறந்துவிட்ட பிறகு எங்கே போய் விலகுவது? ஆயிரம் பேர் இறக்கி வைத்துக்கொண்டதைத் திருப்பி வாங்க முடியாது. இதை நான் மாஸ்டரிடம் மூடி மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் காப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

‘திருப்பி வாங்க வேணாம். நான் பிள்ளைங்ககிட்டேருந்து எதைத் திருப்பி வாங்கினேன்? ஆனா நான் இல்லாதப்ப யாராவது சந்தேகம் கேட்டா யார் பதில் சொல்றது? என் பெரிய மாணவன் ஒருத்தன் இருக்கான், அவன் பேரையும் போட்டுக்கோ. அவனுக்கு அப்புறம் யாருன்னு அவன் சொல்லட்டும்.’

எங்கள் பல்கலைக்கழகப் படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. தனித்தாளில் அவர் சொன்னபடியே தமிழில் எழுதி, அவரிடமும் அந்த அண்ணனிடமும் கையெழுத்து வாங்கி, திருத்தத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறோம். குழு அடுத்த மாதம் கூடுகிறது. அதுவரை டேட்டா லேப் கணினியில் பூட்டித்தான் இருக்கிறது. கோப்பின் பெயர் இன்னும் ‘எஸ்-01’.